பழைய துப்பாக்கி மருந்து: எப்படி வைப்பது, எப்படி ஒழிப்பது? சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவில் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கும் வேண்டிய தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வோர் ஏராளம். அவர்கள் மறைந்த பிறகோ, வீடு மாறும்போதோ, கார் கொட்டகை அலமாரிகளில் பல்லாண்டு பழைய மருந்துப் புட்டிகள் மிஞ்சிவிடுகின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா, பூட்டி வைக்கலாமா, குப்பையில் போடலாமா என்பதில் குடும்பத்தாருக்கும் வீட்டைப் புதிதாக வாங்கியவர்களுக்கும் குழப்பம் நிலவுகிறது. அந்நாட்டு விதிகளையும் தோட்டாத் தொழில்துறையின் பாதுகாப்பு வழிகாட்டுதல்களையும் அடிப்படையாகக் கொண்ட விளக்கங்கள் வருமாறு:

‘ரீலோடிங்’ என்றால் என்ன?

பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு என ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டுமே. அந்தக் கூட்டைச் சுத்தம் செய்து, விரிந்துபோன அதன் அளவைச் சரிசெய்து, மற்ற மூன்றையும் புதிதாகப் பொருத்துவது ரீலோடிங் எனப்படுகிறது. ஒரே கூட்டைப் பல முறை பயன்படுத்த முடிவதால் செலவு குறைகிறது. தம் துப்பாக்கிக்கு ஏற்ற அளவில் மருந்திட முடிவதால் போட்டியாளர்களும் இதை விரும்புகின்றனர்.

இதற்கு உரிமம் தேவையா?

சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றால் அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. நிரப்பிய தோட்டாக்களை விற்பதைத் தொழிலாகச் செய்வோர் தயாரிப்பாளர் உரிமம் பெற வேண்டும். மாநிலங்களும் நகரங்களும் தனியே விதிகள் வகுத்திருக்கக்கூடும் என்பதால் உள்ளூர் நிலவரத்தை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

ஒரு புட்டி மருந்தில் எத்தனை தோட்டா நிரப்பலாம்?

இம்மருந்து ‘கிரெய்ன்’ என்ற அளவில் எடை போடப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு (சுமார் 454 கிராம்) 7,000 கிரெய்ன். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு 4 முதல் 6 கிரெய்ன் போதும் என்பதால் ஒரு பவுண்டில் ஆயிரத்துக்கும் மேல் நிரப்பலாம். பெரிய வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவுக்கோ 50 கிரெய்னுக்கு மேலும் தேவைப்படலாம். சிறிதளவே செலவாகும் மருந்து ஆண்டுக்கணக்கில் புட்டியில் தங்கிவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

புகையில்லா மருந்தும் கரி மருந்தும் ஒன்றா?

இல்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கரி மருந்து பல நூற்றாண்டு பழையது. சிறு தீப்பொறிக்கே பற்றும். புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், அதாவது நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சு அல்லது மரக்கூழ். 1884இல் பிரான்சின் பால் வியேய் இதைத் துப்பாக்கிக்கு ஏற்ற வடிவில் உருவாக்கினார். 1887இல் ஆல்பிரட் நோபலின் ‘பாலிஸ்டைட்’டும், 1889இல் பிரிட்டனின் ‘கார்டைட்’டும் தொடர்ந்து வந்தன.

‘ஒற்றை அடிப்படை’, ‘இரட்டை அடிப்படை’ என்ற குறிப்புகளின் பொருள் என்ன?

நைட்ரோசெல்லுலோஸை மட்டும் முதன்மைப் பொருளாகக் கொண்டது ஒற்றை அடிப்படை மருந்து. அதனுடன் நைட்ரோகிளிசரினும் சேர்ந்தது இரட்டை அடிப்படை. சில வகைகளில் நைட்ரோகிளிசரின் 40 சதவீதம் வரைகூட இருக்கும். கீழே கூறப்படும் பாதுகாப்பு விதிகள் இரண்டுக்கும் பொருந்தும்.

மூடிய புட்டியில் இருக்கும் மருந்து ஏன் கெட்டுப்போகிறது?

நைட்ரோசெல்லுலோஸ் செய்து முடித்த நாளிலிருந்தே மிக மெதுவாகச் சிதைந்துகொண்டிருக்கும் பொருள். அப்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி, சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அந்த வாயுக்களை உறிஞ்சிக்கொள்ள டைபீனைல்அமீன் போன்ற நிலைப்படுத்தி வேதிப்பொருள் சுமார் 1 சதவீத அளவில் சேர்க்கப்படுகிறது. அது தீர்ந்துபோகும் நாள்தான் மருந்தின் உண்மையான காலாவதி நாள். அதன்பின் சிதைவால் எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கினால் தீக்குச்சியே இல்லாமல் தீப்பற்றலாம்.

பழசானால் வீரியம் குறைந்து ஆபத்தும் குறைந்துவிடாதா?

பரவலாக இருக்கும் இந்த நம்பிக்கை தவறானது. கெட்டுப்போன மருந்தை வைத்துச் சுட்டால் அது எவ்வளவு அழுத்தம் தரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சேமிப்பிலோ, நல்ல மருந்துக்கு இல்லாத ஆபத்து, அதாவது தானே பற்றும் ஆபத்து, அதற்குச் சேர்ந்துவிடுகிறது.

தானாகவே தீப்பற்றியதற்கு முன்னுதாரணம் உண்டா?

பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907 மார்ச் 12இல் ‘இயேனா’ போர்க்கப்பலும், 1911 செப்டம்பர் 25இல் ‘லிபெர்தே’ போர்க்கப்பலும் வெடித்துச் சிதறின. முதலாவதில் சுமார் 120 பேரும், இரண்டாவதில் ஏறத்தாழ 300 பேரும் உயிரிழந்தனர். சிதைந்துபோன புகையில்லா மருந்தே காரணம் எனக் கருதப்பட்டது. நிலைப்படுத்தியின் அளவையும் சேமிப்பு வெப்பநிலையையும் கடற்படைகள் தீவிரமாகக் கண்காணிக்கத் தொடங்கியது இத்தகைய விபத்துகளுக்குப் பிறகே.

அது நூறாண்டுக்கு முந்தைய கதை அல்லவா?

அண்மைக்கால உதாரணம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கேம்ப் மிண்டன். அங்கு 2012 அக்டோபர் 15இல் மருந்துக் கிடங்கு ஒன்று வெடித்ததை அடுத்து நடந்த சோதனையில், ராணுவப் பீரங்கிகளுக்கான ‘எம்6’ மருந்து சுமார் 1.5 கோடி பவுண்டு (ஏறத்தாழ 6,800 டன்) முறையின்றிக் குவித்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. திறந்தவெளியில் எரிக்கும் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்தனர். முடிவில், புகையை வடிகட்டும் மூடிய எரிகலனில் 2016-17ஆம் ஆண்டுகளில் அது எரித்து முடிக்கப்பட்டது.

மருந்து எத்தனை ஆண்டு தாங்கும்?

வீட்டுப் பயன்பாட்டுக்கான புட்டிகளில் பொதுவாகக் காலாவதித் தேதி அச்சிடப்படுவதில்லை. குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் மூடியே இருந்தால் பல பத்தாண்டுகள் நன்றாக இருக்கும். கோடையில் கொதிக்கும் தகரக் கொட்டகையில் அதே மருந்து மிக விரைவாகக் கெடும். ஆண்டுக்கணக்கு இங்கு உதவாது. மருந்து எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு காலம் இருந்தது என்பதுதான் கணக்கு.

கெட்டுவிட்டதை எப்படி அறிவது?

முதல் அடையாளம் வாசனை: அமில நெடி மூக்கைக் குத்தினால் மருந்து கெட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும். மூடியைத் திறந்ததும் செம்பழுப்பு நிறப் புகை எழுவது, மருந்தின் மேல் துருப்பொடி போன்ற செந்தூள் படிவது, தகர டப்பாவின் உட்புறம் அரித்திருப்பது ஆகியவையும் அடையாளங்கள். இந்த நெடி நச்சு வாயுவால் வருவது. ஆகவே காற்றோட்டமான இடத்தில், முகத்தைத் தள்ளி வைத்துத் திறக்க வேண்டும், புட்டிக்குள் மூக்கை நுழைத்து முகரக் கூடாது.

புதிய மருந்திலும் ஒரு நெடி வருகிறதே?

அது ஈதர், ஆல்கஹால், அசிட்டோன் போன்ற கரைப்பான்களின் வாசனை. நகப்பூச்சு நீக்கியை நினைவூட்டும். தயாரிப்பின்போது சேர்ந்து மிஞ்சியிருப்பது என்பதால் அதனால் கவலையில்லை. இந்த வாசனையை அமில நெடியாகக் கருதி நல்ல மருந்தை வீணாக்குவோரும் உண்டு.

நெடி வரும் புட்டி தொட்டால் சூடாகவும் இருந்தால்?

அதை அசைக்கவோ வெளியே எடுத்துச் செல்லவோ முயலக் கூடாது. வீட்டிலுள்ள அனைவரும் வெளியேறி, 911 என்ற அவசர எண்ணில் தீயணைப்புத் துறைக்குத் தெரிவித்து, மருந்து எவ்வளவு, எந்த அறையில், அருகில் வேறு என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

எந்தக் கொள்கலனில் வைக்க வேண்டும்?

தயாரிப்பாளர் கொடுத்த புட்டியில் மட்டுமே. உள்ளே தீப்பற்றினால் அழுத்தம் சேருமுன் எளிதில் பிளந்து வாயுவை வெளியேற்றும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. கண்ணாடி ஜாடி, எவர்சில்வர் டப்பா, குடிநீர் பாட்டில் ஆகியவற்றுக்கு மாற்றுவது இருவகையில் ஆபத்து: அழுத்தம் தேங்கும், பெயர்ச்சீட்டும் தொலையும்.

பூட்டிய இரும்புப் பெட்டகத்தில் வைப்பதுதானே பாதுகாப்பு?

இதில்தான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். புகையில்லா மருந்து திறந்த வெளியில் வேகமாக எரியும், அவ்வளவே. காற்றுப்புகாத வலுவான இரும்புக்குள் எரிந்தால் அழுத்தம் பெருகி, பெட்டகமே வெடிகுண்டாக மாறிவிடும். துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்திலும், மருந்தை அதற்கு வெளியே மரப்பெட்டியிலும் வைப்பதே முறை. குழந்தைகள் கைபடாதிருக்க மரப்பெட்டிக்குப் பூட்டு போடலாம்.

வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம்?

அமெரிக்கத் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் எண் விதித்தொகுப்பின்படி, 20 பவுண்டு (சுமார் 9 கிலோ) வரை அசல் புட்டிகளில் வீட்டில் வைத்திருக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு (சுமார் 22.7 கிலோ) வரை என்றால், குறைந்தது ஒரு அங்குலப் பருமன் கொண்ட பலகையாலான பெட்டி அல்லது அலமாரியில் வைக்க வேண்டும். இது ஒரு மாதிரி விதித்தொகுப்பு. மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்ட பிறகே சட்டமாகும், ஏற்கும்போது அளவைக் குறைக்கவும் செய்யலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாடகை ஒப்பந்தமும் வீட்டுக் காப்பீட்டு நிபந்தனைகளும் இன்னும் கடுமையாக இருக்கக்கூடும்.

பிரைமர்களுக்கும் கரி மருந்துக்கும் இதே அளவா?

இல்லை. பிரைமர்கள் வீட்டுக்கு 10,000 எண்ணிக்கை வரை. அவற்றையும் அசல் பெட்டியிலேயே, மருந்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கரி மருந்து மத்திய அரசின் வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது. பழங்காலத் துப்பாக்கிகளில் விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாட்டு நோக்கங்களுக்காகப் பயன்படுத்த, வணிக முறையில் தயாரித்ததை 50 பவுண்டு வரை வைத்திருக்க மட்டும் அதில் விலக்கு உண்டு. தீ பாதுகாப்பு விதிகள் கரி மருந்தின் அளவை இன்னும் குறைக்கின்றன.

எந்த இடம் ஏற்றது?

ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறாத, ஈரமற்ற உள் அறை ஏற்றது. கூரை அடியறை, கார் டிக்கி, வெயில்படும் ஜன்னலோரம், தண்ணீர் சூடாக்கும் கருவியின் பக்கம் ஆகியவை கூடாது. வெப்பநிலை 100 டிகிரி பாரன்ஹீட்டை (சுமார் 38 டிகிரி செல்சியஸ்) தொடும் இடங்களைத் தவிர்க்க வேண்டும். பெட்ரோல், பெயின்ட், தின்னர் உள்ள அலமாரியிலும் இடம் தரக் கூடாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

கூடாது. வெளியே எடுக்கும்போது படியும் நீர்த்துளிகள் மருந்தின் ஈரப்பதத்தை மாற்றி, எரியும் வேகத்தையும் மாற்றிவிடும். உணவுப் பொருள் வைக்கும் இடத்தில் மருந்து இருக்கவே கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் நல்ல மருந்து இருந்தால்?

அதையும் ஒழித்துவிட வேண்டும். ஒரே நிறமும் ஒரே மணி வடிவமும் கொண்ட இரு மருந்துகளின் எரியும் வேகம் முற்றிலும் வேறாக இருக்கலாம். ஊகித்து நிரப்பினால் துப்பாக்கி உடைந்து சுடுபவருக்குக் காயம் ஏற்படும். கையால் பெயர் எழுதி ஒட்டிய சீட்டையும், முத்திரை உடைந்த புட்டியையும் நம்புவதற்கில்லை என்பதே அனுபவசாலிகளின் கருத்து.

பழைய மருந்தைப் புதியதோடு கலந்து தீர்த்துவிடலாமா?

கலக்கவே கூடாது. கலவையின் எரியும் வேகத்துக்கு எந்தக் கையேட்டிலும் அளவு கிடையாது. கெட்ட மருந்திலுள்ள அமிலம் நல்ல மருந்தின் நிலைப்படுத்தியையும் தின்றுவிடும்.

கெட்ட மருந்தில் ஏற்கெனவே நிரப்பிய தோட்டாக்களை என்ன செய்வது?

அவற்றைச் சுடக் கூடாது. அமிலம் பித்தளையை உள்ளிருந்தே அரிக்கும் என்பதால் கூடுகளில் பச்சைப் படிவோ வெடிப்போ தென்படலாம். உள்ளூர்க் காவல் நிலையத்தையோ சுடுதளத்தையோ தொலைபேசியில் கேட்டு, அவர்கள் ஏற்பதாகச் சொன்னால் மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும்.

வீட்டுக் குப்பையுடன் போடலாமா?

கூடாது, குப்பை லாரியில் அழுத்தும்போது தீப்பற்றினால் பாதிக்கப்படுவது துப்புரவுப் பணியாளர். தூக்கி எறியப்படும் புகையில்லா மருந்து, அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிகளில் ‘எளிதில் வினைபுரியும்’ அபாயக் கழிவு வகைக்குள் வரக்கூடியது. வீட்டுக் கழிவுக்கு மத்திய விதிகளில் விலக்கு இருந்தாலும், மாநில விதிகள் வேறுபடலாம்.

கழிவறையில் ஊற்றினால் கரைந்துவிடாதா?

நைட்ரோசெல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. குழாயில் தங்கிக் காய்ந்தால் மீண்டும் எரியும் தன்மை பெறும்.

அப்படியானால், புட்டியில் தண்ணீர் நிரப்பச் சொல்லும் அறிவிப்புகள் ஏன்?

குறிப்பிட்ட தொகுப்பு மருந்து விரைவாகக் கெடுவது தெரியவரும்போது தயாரிப்பாளர்கள் அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிடுவர். அவற்றில் புட்டியில் நீர் நிரப்பும்படி சொல்வது உண்டு. நனைந்த மருந்து எளிதில் பற்றாது, வெப்பமும் தேங்காது என்பதே காரணம். நனைத்தல் ஆபத்தைத் தள்ளிப்போடுமே தவிர மருந்தை அழிக்காது. ஈரமாகவே உரியவர்களிடம் சேர்க்க வேண்டும். புட்டியிலுள்ள தொகுப்பு எண்ணை அறிவிப்பில் உள்ள எண்ணுடன் ஒப்பிட்டால் தங்களுடையது அதில் சேர்ந்ததா என அறியலாம்.

சரி, யாரிடம் ஒப்படைப்பது?

முதலில் உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தின் அவசரமல்லாத எண்ணில் கேட்க வேண்டும். மாவட்ட நிர்வாகங்கள் நடத்தும் வீட்டு அபாயக் கழிவு சேகரிப்பு மையங்களில் சில இதை ஏற்கும், பல வெடிபொருள் எதையும் ஏற்பதில்லை. முன்கூட்டிக் கேட்காமல் காரில் ஏற்றிச் சென்று வாசலில் நிற்பது அனைவருக்கும் சங்கடம். மருந்து நல்ல நிலையில், அசல் புட்டியில், முத்திரை உடையாமல் இருந்தால் தெரிந்த ரீலோடிங் பயனாளருக்குக் கொடுத்துவிடுவது எளிய வழி.

வீட்டிலேயே எரித்து ஒழிக்கலாமா?

உள்ளூர்ச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதை அனுமதித்தால், சிறிதளவை எரிக்கத் தொழில்துறை வழிகாட்டுதல் இடம் தருகிறது. கட்டடமும் காய்ந்த புல்லும் இல்லாத தனியிடத்தில், கொள்கலனிலிருந்து வெளியே கொட்டி, ஓர் அங்குல உயரத்துக்கு மிகாமல் பரப்ப வேண்டும். ஒரு குவியலில் ஒரு பவுண்டுக்கு மேல் கூடாது. மருந்துக்கு நேரடியாகத் தீ வைக்காமல், மெதுவாக எரியும் காகிதம் போன்ற பொருளைத் திரிபோல நீட்டி வைத்து, தீ மருந்தைச் சேருமுன் விலகிவிட வேண்டும். கோடையில் பல மாவட்டங்களில் எரிப்புத் தடை நடைமுறையில் இருக்கும். காற்று வீசும் நாளும் ஏற்றதல்ல.

குவியலின் உயரத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

குவியல் உயர உயர, அடியில் உள்ள மருந்து மேலுள்ளதன் பாரத்தால் அடைபட்டு, எரியும் வேகம் கூடும். புட்டியோடு நெருப்பில் எறிவது ஒருபோதும் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஒரு குவியல் எரிந்த இடத்தில் தரை சூடாக இருக்கும்போதே அடுத்ததைக் கொட்டக் கூடாது.

தோட்டத்துக்கு உரமாகப் போடலாம் என்கிறார்களே?

நைட்ரஜன் இருப்பதால் புல்தரையில் மிக மெல்லியதாகத் தூவும் வழக்கம் ரீலோடிங் செய்வோரிடையே உண்டு. ஆனால் நைட்ரோசெல்லுலோஸ் மண்ணில் மட்கக் காலம் பிடிக்கும். ஓரிடத்தில் குவிந்தால் காய்ந்த நாளில் தீப்பற்றும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் நடமாடும் இடங்களுக்கு இது உகந்ததல்ல, பவுண்டுக் கணக்கில் ஒழிக்கவும் இது வழியல்ல.

மேசையில் சிந்தினால் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சலாமா?

கூடாது, அதன் மோட்டார்ப் பொறியில் மருந்து பற்றக்கூடும். தூரிகையாலும் முறத்தாலும் கூட்டி எடுத்து, சிந்தியதைப் புட்டியில் திரும்பப் போடாமல் ஒழிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவிடும் கருவியின் கூம்பிலும் மருந்தை விட்டுவைக்கக் கூடாது: நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து பிளாஸ்டிக்கை அரிக்கும், எந்த மருந்து என்பதும் மறந்துபோகும்.

தீப்பற்றிவிட்டால் அணைப்பான் உதவுமா?

எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் இம்மருந்தின் வேதிக் கட்டமைப்பிலேயே இருப்பதால், காற்றைத் தடுத்து அணைக்கும் கருவிகள் பயன் தராது. அணைக்க முயலாமல் வெளியேறுவதே சரி. மருந்து இருக்கும் விவரத்தைத் தீயணைப்பு வீரர்களிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

அஞ்சலிலோ விமானத்திலோ அனுப்பலாமா?

அமெரிக்க அஞ்சல் துறை துப்பாக்கி மருந்தை ஏற்பதில்லை. விமானப் பயணியர் கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, கொண்டு செல்லத் தடை உள்ளது. உரிய வகைப்பாட்டுடன் தரைவழியில் அனுப்பும்போது ஒரு வாகனத்துக்கு 100 பவுண்டு, ஒரு புட்டிக்கு 8 பவுண்டு (சுமார் 3.6 கிலோ) என்பது உச்ச வரம்பு. கடைகளில் கிடைக்கும் பெரிய புட்டி 8 பவுண்டோடு நின்றுவிடுவது இதனால்தான்.

இந்தியாவுக்கு இவ்விதிகள் பொருந்துமா?

பொருந்தாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ‘தோட்டா’ என்ற வரையறை அதன் பாகங்களையும் மருந்தையும் உள்ளடக்கியது. உரிமமின்றித் தயாரிப்பது கடும் தண்டனைக்குரிய குற்றம். தமிழகத்தில் புகையில்லா மருந்து தயாரிக்கும் இடம் நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை. 2021 அக்டோபர் முதல் அது மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

காலியான புட்டியை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா?

கூடாது, வேறு மருந்தை ஊற்றினால் பெயர்ச்சீட்டு பொய்யாகிவிடும், வீட்டுப் பொருள் போட்டால் எஞ்சிய துகள் அதில் கலக்கும். ஒரு மணிகூட ஒட்டியிராதபடி தட்டிக் கொட்டி, பெயர்ச்சீட்டைக் கிழித்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். கொட்டிய துகள்களையும் மருந்தாகவே கருதி ஒழிக்க வேண்டும்.